திருத்தம் முதல் திரை வரை: இணையச் செயலி உருவாக்கத்தில் மறுஏற்றத் தாமதம்

இணையச் செயலியை உருவாக்கும் நிரலர் நாள் முழுதும் ஒரே சுழற்சியைத் திரும்பத் திரும்பச் செய்கிறார். நிரலில் ஒரு வரியைத் திருத்துகிறார், கோப்பைச் சேமிக்கிறார், உலாவியில் பக்கத்தை மறுபடி ஏற்றி விளைவைப் பார்க்கிறார். சேமித்த கணத்துக்கும் விளைவு திரையில் தெரியும் கணத்துக்கும் இடைப்பட்ட நேரமே இந்தச் சுழற்சியின் நீளம். சில செயலிகளில் அது அரை நொடிகூட இல்லை. சிலவற்றில் நிமிடக் கணக்கில் நீள்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் கணினியின் வேகம் ஓரளவே காரணம். காத்திருப்பு எதற்கேற்ப வளர்கிறது என்பதே பெரிய காரணம். திருத்தத்தின் அளவுக்கேற்பக் காத்திருப்பு அமைந்தால் செயலி எவ்வளவு பெருத்தாலும் சுழற்சி குறுகியே இருக்கும். செயலியின் மொத்த அளவுக்கேற்ப அமைந்தால் ஒவ்வொரு புதிய வசதியும் அடுத்த திருத்தத்தைத் தாமதமாக்கும். முப்பது ஆண்டு இணைய நிரலாக்கக் கருவிகளின் வரலாற்றைப் பெரும்பாலும் இந்த ஒரு பண்பை இழந்ததும் மீட்டதுமான வரலாறாகப் படிக்கலாம்.

சுழற்சியின் கட்டங்கள்

முதலில், கோப்பு மாறியதை ஏதேனும் ஒரு நிரல் கண்டறிய வேண்டும். அடுத்து, மாறிய மூல நிரலை இயங்கத்தக்க வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். ஜாவா, டைப்ஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் இது கம்பைலரின் வேலை. மூன்றாவதாக, ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்குள் புதிய நிரல் நுழைய வேண்டும். அதற்குச் சர்வரை நிறுத்தித் தொடங்க நேர்ந்தால் தரவுத்தள இணைப்புகள், அமைப்புக் கோப்புகள், உள் சேவைகள் எல்லாம் மறுபடி எழுந்து நிற்க வேண்டும். நான்காவதாக, உலாவி பக்கத்தைக் கேட்டு வாங்கி வரைய வேண்டும். கடைசியாக, நிரலர் விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும்: உள்நுழைந்து, தேடி, படிவத்தின் மூன்றாம் பக்கம்வரை மறுபடி நிரப்பி, பிழை தோன்றிய அதே நிலைக்கு வர வேண்டும்.

கருவிகள் திரையில் காட்டும் நேரக்கணக்கு பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தை மட்டுமே அளக்கிறது. நிரலர் அனுபவிப்பதோ ஐந்து கட்டங்களின் கூட்டுத்தொகை. கம்பைலர் இரண்டு நொடியில் முடித்தாலும், படிவத்தை மறுபடி நிரப்ப நாற்பது நொடி ஆனால் சுழற்சியின் நீளம் குறைந்தது நாற்பத்திரண்டு நொடி. இந்தக் கடைசிக் கட்டம் கையால் செய்யப்படுவதால் எந்த அறிக்கையிலும் பதிவாவதில்லை.

காத்திருப்பும் கவனமும்

கணினியின் பதிலுக்காகக் காத்திருப்பது மனிதரின் வேலையை எப்படிப் பாதிக்கிறது என்ற கேள்வி இணையத்தைவிடப் பழையது. 1968-இல் ராபர்ட் மில்லர், மனிதரும் கணினியும் உரையாடல்போல வேலை செய்யும்போது எவ்வளவு தாமதத்தைப் பொறுக்க முடியும் என்பதை வகைவகையாகப் பிரித்து எழுதினார். அந்த மரபில் வந்த யாக்கோப் நீல்சன் 1993-இல் மூன்று எல்லைகளைச் சுருக்கித் தந்தார். பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால் அது தம் கையின் நேரடி விளைவாகவே பயனருக்குத் தோன்றும். ஒரு நொடிக்குள் வந்தால் தாமதம் தெரியும், எண்ண ஓட்டம் அறாது. பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும்.

ஐபிஎம் நிறுவனத்தின் வால்டர் டோஹெர்ட்டியும் அர்விந்த் தடானியும் 1982-இல் வெளியிட்ட அறிக்கை நிரலர்களையே நேரடியாகத் தொடுகிறது. கணினி பதில் தர 3 நொடி எடுத்தபோது நிரலர் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 180 கட்டளைகளைச் செய்து முடித்தார். பதில் நேரம் 0.3 நொடியானபோது அது 371 ஆனது. அதாவது ஒரு கட்டளைக்கு ஆன மொத்த நேரம் 20 நொடியிலிருந்து ஏறத்தாழ 10 நொடிக்குக் குறைந்தது. கணினி மிச்சப்படுத்தித் தந்ததோ 2.7 நொடிதான். மீதி ஏழு நொடிக்கு மேல் மிச்சமானது மனிதர் பக்கத்தில். பதில் உடனே வந்தபோது அடுத்த அடியும் மனத்தில் அறாமல் இருந்தது, யோசித்து மீட்டெடுக்கத் தேவைப்படவில்லை.

அந்த அறிக்கை அளந்தது முனையத்தில் தட்டும் கட்டளைகளை. இணையச் செயலியின் மறுஏற்றத்தை அல்ல. எனினும் அது காட்டும் உண்மை இங்கும் பொருந்துகிறது. ஒரு மறுஏற்றத்துக்கு 40 நொடி, நாளுக்கு 60 முறை என்று பெருக்கினால் 40 நிமிட இழப்பு என்று விடை வரும். அந்தப் பெருக்கல் கணினியின் நேரத்தை மட்டும் எண்ணுகிறது. சிதறிய கவனத்தைத் திரட்ட ஆகும் நேரம் அதில் சேரவில்லை.

நீண்ட சுழற்சி வேலை செய்யும் முறையையும் மாற்றுகிறது. ஒவ்வொரு சோதனைக்கும் விலை கூடும்போது நிரலர் பல திருத்தங்களைச் சேர்த்து ஒரே முறையில் சோதிக்கத் தொடங்குகிறார். பிழை வந்தால் எந்தத் திருத்தம் காரணம் என்று தெரிவதில்லை. ஒரு பொத்தானின் இடைவெளியைச் சற்று மாற்றிப் பார்ப்பது, பிழைச் செய்தியின் சொற்களைச் சீராக்குவது போன்ற சிறு மெருகுகள் முதலில் கைவிடப்படுகின்றன. தாமதத்தின் விலையை இறுதியில் செயலியைப் பயன்படுத்துவோரும் கொடுக்கிறார்கள்.

தாமதமில்லாத் தொடக்கம்

1993-இல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ ஆய்வகத்திலிருந்து வந்த சிஜிஐ முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் ஒரு புதிய நிரலைத் தொடங்கி, விடை வந்ததும் அதை முடித்துவிடும். நிரலைத் திருத்திச் சேமித்தால் அடுத்த கோரிக்கையே புதியதை எடுத்துக்கொள்ளும். 1995-இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் வெளியிட்ட பிஎச்பி இந்த இயல்பை அப்படியே சுவீகரித்தது. கோரிக்கை வந்ததும் தேவையான கோப்புகளைப் படித்து, மாற்றி, இயக்கி, முடிந்ததும் நினைவகத்தில் உள்ள எல்லாவற்றையும் துடைத்துவிடும். பழைய நிரலின் சுவடு எதுவும் அடுத்த கோரிக்கைக்கு மிஞ்சாது. மறுதொடக்கம் என்று தனியாக ஒரு வேலையும் இல்லை. பிஎச்பி உலகெங்கும் பரவியதற்கு இந்த உடனடித்தன்மை ஒரு முக்கியக் காரணம்.

இதன் விலை இயங்கும் வேகம். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாகப் படிப்பது பெரிய தளங்களில் வீண் உழைப்பு. ஆகவே 2013-இல் வந்த பிஎச்பி 5.5, மாற்றிய நிரலை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஓபிகேஷைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. கோப்பின் நேரமுத்திரையைக் குறித்த இடைவெளியில் சரிபார்த்துப் புதியதை எடுத்துக்கொள்ளும் வசதியும் அதில் இருந்தது. வேகத்துக்காக எதையாவது நினைவில் வைத்தால் அது எப்போது பழையதாகும் என்பதையும் கண்காணித்தாக வேண்டும். பின்னால் வந்த எல்லாக் கருவிகளும் இதே சிக்கலைச் சந்தித்தன.

ஜாவாவின் கிளாஸ்லோடர் சிக்கல்

தாமதம் பெரும் துன்பமாக உணரப்பட்டது 2000-களின் நிறுவன ஜாவா உலகில். அங்கு செயலி என்பது வார் அல்லது இயர் என்ற ஒரே பொதியாகக் கட்டப்பட்டு, பெரிய செயலிச் சர்வர் ஒன்றில் நிறுவப்படும். ஒரு வரி மாறினாலும் முழுப் பொதியையும் கட்டி, பழையதை நீக்கி, புதியதை நிறுவி, எல்லா உறுப்புகளும் எழும்வரை பார்த்திருக்க வேண்டும்.

இதன் வேர் ஜாவா இயங்குதளத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஜாவாவில் ஒரு கிளாஸின் அடையாளம் அதன் பெயரும் அதை ஏற்றிய கிளாஸ்லோடரும் சேர்ந்தது. ஒரு கிளாஸ்லோடர் ஒரு பெயரை ஒருமுறைதான் ஏற்றும். அதே பெயரில் புதிய வடிவத்தை அதனால் ஏற்ற முடியாது. புதிய நிரலைக் கொண்டுவரப் புதிய கிளாஸ்லோடரை உருவாக்கி, அதன்வழி செயலியின் கிளாஸ்களை முதலிலிருந்து ஏற்ற வேண்டும். பழைய கிளாஸ்லோடர் ஏற்றிய பொருள்களைப் புதிய கிளாஸ்கள் தம்முடையவையாக ஏற்பதில்லை. எனவே நினைவகத்தில் இருந்த நிலை முழுதும் வீசப்பட்டு மறுபடி கட்டப்படுகிறது.

வீசுவதும் எளிதாக இல்லை. பழைய கிளாஸ்லோடரை எங்கிருந்தாவது ஒரே ஒரு சுட்டி பிடித்திருந்தாலும் அது ஏற்றிய எல்லாக் கிளாஸ்களும் நினைவகத்தில் தங்கிவிடும். நிற்காத ஒரு இழை, நீக்கப்படாத ஒரு தரவுத்தள டிரைவர் பதிவு, சுத்தம் செய்யாத ஒரு இழைவழி மாறி போதும். சில முறை மறுநிறுவல் செய்ததும் கிளாஸ்களுக்கென ஒதுக்கிய பெர்ம்ஜென் பகுதி நிரம்பிச் சர்வர் விழுந்துவிடும். அப்போது வரும் பிழைச் செய்தி அந்தக் காலத்து ஜாவா நிரலர்கள் பலரும் அறிந்தது. 2014-இல் வந்த ஜாவா 8 பெர்ம்ஜென்னை நீக்கி மெட்டாஸ்பேஸைக் கொண்டுவந்தது. நிலையான உச்சவரம்பு போயிற்று. கசிவுக்கான காரணம் நிரலில் இருக்கும்வரை கசிவு நிற்கவில்லை.

தீர்வுகள் பல திசையிலிருந்து வந்தன. 2002-இல் ஜேடிகே 1.4 தந்த ஹாட்ஸ்வாப், ஓடும் நிரலில் ஒரு மெத்தடின் உடலை மட்டும் மாற்ற அனுமதித்தது. புதிய மெத்தடையோ புலத்தையோ சேர்க்க அதனால் முடியாது. அன்றாட வேலையில் பெரும்பகுதி அதற்கு வெளியே நின்றது. எஸ்டோனியாவைச் சேர்ந்த ஜீரோடர்ன்அரவுண்ட் நிறுவனத்தின் ஜேரெபெல், கிளாஸ் ஏற்றப்படும்போதே அதன் பைட்கோடை மாற்றியமைத்து, கிளாஸ்லோடரை வீசாமலே புதிய மெத்தடுகளையும் புலங்களையும் சேர்க்க வழிசெய்தது. மறுநிறுவல் நேரத்தைக் குறைப்பதற்கென்றே ஒரு வணிகப் பொருள் பல ஆண்டுகள் விற்கப்பட்டது என்பதே துன்பத்தின் அளவைக் காட்டும்.

பிளே ஃபிரேம்வொர்க் தன் முதல் பதிப்பிலேயே (2009) வேறு வழியை எடுத்தது. கோரிக்கை வரும்போது மாறிய ஜாவாக் கோப்புகளைத் தானே கம்பைல் செய்து, பிழை இருந்தால் அந்த வரியை உலாவியிலேயே காட்டியது. 2015-இல் ஸ்பிரிங் பூட் 1.3 தந்த டெவ்டூல்ஸ் இரண்டு கிளாஸ்லோடர்களை வைத்தது. மாறாத வெளி நூலகங்கள் ஒன்றிலும் நிரலர் எழுதும் கிளாஸ்கள் மற்றொன்றிலும் இருக்கும். திருத்தம் வந்தால் இரண்டாவதை மட்டும் வீசினால் போதும். அடிக்கடி மாறுவதையும் அரிதாக மாறுவதையும் பிரிப்பது என்ற இந்த உத்தி பின்னர் முன்பக்கக் கருவிகளிலும் அதே வடிவில் தோன்றியது.

ரூபி ஆன் ரெயில்ஸும் ஃபேஸ்புக்கும்

டேவிட் ஹைனமெயர் ஹான்சன் 2004-இல் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸ், உருவாக்கச் சூழலுக்கும் வெளியீட்டுச் சூழலுக்கும் தனித்தனி நடத்தையை வகுத்தது. உருவாக்கச் சூழலில் கோப்பு மாறினால் செயலியின் கிளாஸ்கள் கைவிடப்பட்டு, தேவைப்படும்போது மறுபடி ஏற்றப்படும். வெளியீட்டில் எல்லாம் தொடக்கத்திலேயே ஒருமுறை ஏற்றப்படும். ஜாவாவின் நீண்ட காத்திருப்பில் சலித்தவர்களை இது பெரிதும் ஈர்த்தது. ஆயினும் 2011-இல் ரெயில்ஸ் 3.1 அசெட் பைப்லைனைச் சேர்த்து, ஸ்டைல் கோப்புகளையும் ஜாவாஸ்கிரிப்டையும் சர்வர் வழியே மாற்றத் தொடங்கியதும் பெரிய செயலிகளில் பக்கம் ஏறும் நேரம் மறுபடி நீண்டது.

ஃபேஸ்புக் நிறுவனத்தின் அனுபவம் இந்த வரலாற்றில் மிகத் தெளிவான பாடம். அதன் தளம் பிஎச்பியில் எழுதப்பட்டது. திருத்து, சேமி, பார் என்ற வேகம் அங்கிருந்தோருக்குப் பழக்கமானது. சர்வர் செலவைக் குறைக்க 2010-இல் வெளியிட்ட ஹிப்ஹாப், பிஎச்பி நிரலைச் சி++ ஆக மாற்றி முழுதாகக் கம்பைல் செய்தது. வெளியீட்டில் பெரும் இலாபம் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்த முழுக் கம்பைலுக்காகக் காத்திருக்க எந்த நிரலராலும் முடியாது. ஆகவே உருவாக்கத்துக்கென்று தனி இன்டர்பிரெட்டரை வைத்துக்கொண்டார்கள். ஒரே நிரல் இரண்டு இயந்திரங்களில் ஓடியது. இரண்டின் நடத்தையும் ஒத்திருக்கச் செய்வதே தொடர்ந்த சுமையாயிற்று. பின்னர் அதே நிறுவனத்தின் எச்எச்விஎம், ஓடும்போதே கம்பைல் செய்யும் முறையில் இரண்டு இடத்துக்கும் ஒரே இயந்திரத்தைத் தந்தது.

2014-இல் அந்நிறுவனம் ஹேக் என்ற மொழியை வெளியிட்டு, பிஎச்பிக்கு வகைச் சரிபார்ப்பைக் கொண்டுவந்தபோதும் சுழற்சியின் வேகத்தைப் பலிகொடுக்கவில்லை. சரிபார்ப்பான் பின்னணியில் எப்போதும் ஓடும் சர்வராக இருந்து, நிரல்தொகுப்பு முழுதின் விவரத்தையும் நினைவில் வைத்து, மாறிய கோப்பையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் மறுபடி சோதித்தது. விடை பெரும்பாலும் 200 மில்லிநொடிக்குள் வந்தது. பாதுகாப்பும் வேகமும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

உலாவிப் பக்கத்தில் பண்டிலர்கள்

2010-களில் செயலியின் பெரும்பகுதி சர்வரிலிருந்து உலாவிக்கு இடம்பெயர்ந்தது. ஒரு காலத்தில் கம்பைலே தேவைப்படாத ஜாவாஸ்கிரிப்ட், நூற்றுக்கணக்கான மாட்யூல்களாகப் பிரிந்து, புதிய தொடரமைப்புகளையும் டைப்ஸ்கிரிப்டையும் ஏற்று, உலாவிக்குப் போகுமுன் மாற்றப்பட வேண்டியதாயிற்று. டோபியாஸ் கோப்பர்ஸ் 2012-இல் தொடங்கிய வெப்பேக் போன்ற பண்டிலர்கள், நுழைவுக் கோப்பிலிருந்து ஒவ்வொரு சார்பையும் பின்தொடர்ந்து எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டின. முதல் பக்கத்தை மட்டும் பார்க்க வேண்டியிருந்தாலும் முழுச் செயலியும் கட்டப்பட்டாக வேண்டும். திருத்தத்துக்குப் பின் வேலையின் ஒரு பகுதி மட்டுமே மறுபடி நடந்தாலும், செயலி பெருக்கப் பெருக்க அதுவும் நீண்டது.

அதே வெப்பேக்தான் மாட்யூல் மாற்று என்ற வழியையும் பரவலாக்கியது. ஓடும் பக்கத்தில் மாறிய மாட்யூலை மட்டும் மாற்றுவது அதன் நோக்கம். மாறிய மாட்யூல் மாற்றத்தைத் தானே ஏற்காவிட்டால் அதை இறக்குமதி செய்யும் மாட்யூலிடம் கேட்கப்படும். இப்படி மேலே போய், ஏற்பவர் யாரும் இல்லையென்றால் முழுப் பக்கமும் மறுபடி ஏறும். 2019-இல் ரியாக்ட் நேட்டிவில் வந்த ஃபாஸ்ட் ரெஃப்ரெஷ், ஃபங்ஷன் வடிவில் எழுதிய உறுப்புகளின் நிலையைக் காத்துக்கொண்டே நிரலை மாற்றியது. நிரப்பிய படிவம் நிரம்பியபடியே இருக்க, அதன் தோற்றமும் நடத்தையும் கண்முன் மாறின. சுழற்சியின் ஐந்தாம் கட்டத்தையும் சுருக்க முனைந்த வழி இது.

2018-க்குள் முக்கிய உலாவிகள் அனைத்தும் ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களைத் தாமே ஏற்றக் கற்றுவிட்டன. இதைப் பயன்படுத்தி எவன் யூ 2020-இல் வெளியிட்ட வீட், உருவாக்கச் சூழலில் பொதி கட்டுவதையே விட்டுவிட்டது. உலாவி கேட்கும் மாட்யூலை அந்தக் கணத்தில் மாற்றித் தருகிறது, கேட்காததைத் தொடுவதில்லை. அரிதாக மாறும் வெளி நூலகங்களை மட்டும் எவன் வாலஸ் கோ மொழியில் எழுதிய இஎஸ்பில்டு கொண்டு முன்கூட்டியே கட்டி, உலாவியின் கேஷில் நெடுநாள் வைத்தது. இதனால் சர்வர் தொடங்கும் நேரம் செயலியின் மொத்த அளவிலிருந்து பெரும்பாலும் விடுபட்டது. இதற்கும் ஒரு விலை உண்டு. மிகப் பெரிய செயலியில் ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான மாட்யூல்களைத் தனித்தனியாகக் கேட்கும். முழுப் பக்க ஏற்றம் அங்கே மெதுவாகிறது.

இந்த வேகத்தின் மறுபாதி, வகைச் சரிபார்ப்பை வழியிலிருந்து விலக்கியது. இஎஸ்பில்டு டைப்ஸ்கிரிப்டின் வகைக் குறிப்புகளை நீக்குகிறதே தவிரச் சரிபார்ப்பதில்லை; அந்த வேலை எடிட்டரிலோ தனி ஓட்டமாகவோ நடக்கிறது. அதையும் விரைவாக்க மைக்ரோசாஃப்டின் ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பர்க் 2025 மார்ச்சில் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரைக் கோ மொழிக்கு மாற்றும் பணியை அறிவித்தார். விஎஸ் கோட் எடிட்டரின் ஏறத்தாழ 15 லட்சம் வரிகளைச் சரிபார்க்க ஆன 77.8 நொடி, புதிய வடிவில் 7.5 நொடியாகக் குறைந்தது.

மறைந்திருக்கும் தாமதங்கள்

கம்பைலர் விரைவானதும் மற்றக் கட்டங்களின் தாமதம் வெளியே தெரிகிறது. கோப்பு மாறியதைக் கண்டறிவது அவற்றில் முதலாவது. லினக்ஸ் கெர்னலில் 2005 முதல் உள்ள ஐநோடிஃபை மாற்றத்தை உடனே அறிவிக்கும். கண்காணிக்கத்தக்க கோப்புறைகளின் எண்ணிக்கைக்கு அதில் வரம்பு உண்டு. நோட் மாட்யூல்கள் கோப்புறையில் பல்லாயிரம் கோப்புகள் குவியும் திட்டங்களில் அந்த வரம்பு எட்டப்படுகிறது. ஜாங்கோவின் உருவாக்கச் சர்வர் இயல்பாக நொடிக்கு ஒருமுறை கோப்புகளின் நேரமுத்திரைகளைப் பார்க்கிறது. 2.2 பதிப்பு முதல் வாட்ச்மேன் கருவியைச் சேர்த்துக்கொண்டால் இந்தச் சுற்று தேவைப்படாது.

மேக், விண்டோஸ் கணினிகளில் டாக்கர் மெய்நிகர் லினக்ஸ் ஒன்றுக்குள் ஓடுகிறது. நிரல் வெளியே, சர்வர் உள்ளே என்றால் ஒவ்வொரு கோப்புப் படிப்பும் அந்த எல்லையைக் கடக்க வேண்டும். மாற்ற அறிவிப்பு சில அமைப்புகளில் கடப்பதே இல்லை. சிறு கோப்புகளைப் பெருமளவில் படிக்கும் இணையச் செயலிகளுக்கு இது கடும் சுமை.

சர்வரின் தொடக்க வேலை அடுத்தது. எல்லா அட்டவணைகளின் விவரத்தையும் படிப்பது, கேஷை நிரப்புவது, அன்றைய வேலைக்குத் தேவையில்லாத சேவைகளுடன் இணைவது ஆகியவை ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் திரும்ப நடக்கின்றன. ஸ்பிரிங் பூட் 2.2 தந்த சோம்பல் தொடக்கம்போல, கேட்டால் மட்டும் உறுப்புகளை உருவாக்கும் அமைப்பு இங்கே உதவும்.

வேகமும் நம்பகமும்

குறைந்த வேலை செய்து விரைவாக விடை தரும் எந்தக் கருவியும், எது எதைச் சார்ந்தது என்பதைச் சரியாக அறிந்திருக்க வேண்டும். 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக் என்ற கருவியை எழுதத் தூண்டியதே இந்தச் சிக்கல்தான். திருத்திய கோப்பு மறுபடி கம்பைல் ஆகாததால் சரியான நிரலில் பிழை தேடி உடன்பணியாளர் ஒருவர் ஒரு காலைப் பொழுதை இழந்திருந்தார். மெதுவான சுழற்சி நேரத்தைத் தின்கிறது. பழைய நிரலைப் புதியதுபோலக் காட்டும் சுழற்சி நிரலரின் நம்பிக்கையைத் தின்கிறது. அந்த நம்பிக்கை போனபின் ஒவ்வொரு ஐயத்துக்கும் முழு மறுதொடக்கம் செய்வது பழக்கமாகிவிடும். கருவி ஈட்டித் தந்த நேரம் அதிலேயே கரைந்துவிடும்.

நிலையைக் காப்பதிலும் இதே ஆபத்து உண்டு. பழைய நிரல் உருவாக்கிய தரவைப் புதிய நிரல் பெறும்போது இரண்டின் வடிவமும் பொருந்தாமல் போகலாம். ஃபாஸ்ட் ரெஃப்ரெஷ், ஒரு உறுப்பின் ஹூக்குகளின் வரிசை மாறினால் அதன் நிலையைத் தானே கைவிடுகிறது. எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவான எர்லாங் மொழி இதை மொழியின் விதியாகவே வைத்தது. ஒரு மாட்யூலின் பழைய, புதிய வடிவங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம்; எப்போது புதியதற்குத் தாவுவது என்பது நிரலில் தெளிவாக எழுதப்படும். காக்கக்கூடியது எது, கைவிட வேண்டியது எது என்பதை வெளிப்படையாக வகுத்த இடத்தில்தான் ஓடும் நிரலை மாற்றுவது பாதுகாப்பானதாகிறது.

உருவாக்கச் சூழல் வெளியீட்டுச் சூழலிலிருந்து விலகுவதும் கவனிக்கத்தக்கது. ஹிப்ஹாப் காலத்து ஃபேஸ்புக்கிலும், பொதி கட்டாமல் உருவாக்கிப் பொதியாக வெளியிடும் இன்றைய கருவிகளிலும் இந்த இடைவெளி உண்டு. வெளியீட்டு வடிவத்தைத் தானியங்கிச் சோதனையில் தவறாமல் கட்டி இயக்கிப் பார்ப்பதே அதற்கான ஈடு.

குழு செய்யத்தக்கவை

முதல் வேலை அளப்பது. சேமித்த கணத்திலிருந்து அதே திரைநிலைக்குத் திரும்பும்வரை ஐந்து கட்டங்களையும் தனித்தனியாக அளந்தால் பெரிய தாமதம் எங்கே என்பது தெரியும். அது பலமுறை கம்பைலருக்கு வெளியே இருக்கும். இரண்டாவது, அடிக்கடி மாறுவதையும் அரிதாக மாறுவதையும் பிரிப்பது. எல்லா மாட்யூல்களும் இறக்குமதி செய்யும் ஒரே பொதுக் கோப்பு இருந்தால், அதில் வரும் சிறு திருத்தமும் முழுச் செயலியையும் தொடும். எவ்வளவு வேகமான கருவியும் அந்த அமைப்பை ஈடுசெய்யாது. மூன்றாவது, முழுச் செயலியை ஓட்டாமலே ஒரு பகுதியைச் சோதிக்க வழிசெய்வது. கணக்கீட்டுக்கு அலகுச் சோதனையும், திரை உறுப்புகளுக்குத் தனித்து இயக்கும் ஸ்டோரிபுக் போன்ற கருவியும், நீண்ட படிவங்களுக்கு முன்கூட்டியே நிரப்பிய மாதிரித் தரவும் சுழற்சியைச் சுருக்கும். நான்காவது, சுழற்சியின் நீளத்தைத் தொடர்ந்து கண்காணிப்பது. அது ஒரே நாளில் பெருகுவதில்லை. நூலகத்துக்கு நூலகம் சிறிது சிறிதாகக் கூடி, குழு பழகிவிட்ட பின்னரே பெரிதாகத் தெரிகிறது.

இந்த நான்கும் ஒரே அளவுகோலுக்கு அடங்குகின்றன. ஒரு வரி மாறினால் அந்த வரி தொடும் அளவுக்கே வேலை நடக்க வேண்டும். செயலி இருமடங்கானாலும் அந்த வேலை இருமடங்காகக் கூடாது. புதிய கருவியைத் தேர்வதானாலும் பழைய செயலியைச் சீரமைப்பதானாலும், மறுஏற்ற நேரம் எதைப் பொறுத்து வளர்கிறது என்ற கேள்விக்கு விடை காண்பதே முதல் படி.